கோட்டின் மேல் நின்ற சலவைக்கூடம்

கத்தரிக்கோலின் நுனி விரிப்பின் ஓரத் தையலுக்குள் நுழைகிறது. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க, மற்றது நூலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு போகிறது. வெளியே தெரியும் துணி எப்படியும் வெள்ளையாகத்தான் இருக்கும். மடித்துத் தைத்த ஓரத்தின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, வெந்நீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் போட்டு, கரண்டிக் காம்பால் அழுத்துகின்றன அந்தக் கைகள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு துணியிலிருந்து மங்கலான வெண்மை கிளம்பித் தண்ணீரில் சுருள்கிறது. அது சோப்பு. அதன் பின்னால் பழைய தேநீரின் நிறத்தில் இன்னொன்று கசிகிறது. அது என்னவென்று யோசிக்காமல் இருப்பது நல்லது. தம்ளரைக் குலுக்கினால் நுரை கட்டுகிறது. கட்டிய நுரை அடங்க மறுக்கிறது.

அந்த விரிப்பு வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து, 'சுத்தம்' என்று பச்சைச் சீட்டு ஒட்டி ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக இருந்த விரிப்பு.

கைகள் தம்ளரை ஜன்னல் திட்டில் வைக்கின்றன. அங்கே ஏற்கெனவே வேறு சில தம்ளர்கள் நிற்கின்றன. அறை முழுக்க ஈர நாயின் வாடை.

"இது ஆபீஸா, கசாப்புக்கடையா?" பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "யாராவது தண்ணின்னு நினைச்சு எடுத்துக் குடிச்சுத் தொலைக்கப் போறாங்க."

"மேல இருக்கறவங்க யாராவது குடிச்சா நல்லது. எனக்கு அறிக்கை எழுதற வேலை மிச்சம்."

இப்படிப் பதில் சொன்னவளைச் சலவைக்கூடங்களில் கோடம்மா என்று அழைப்பார்கள். கோடு போடுவது அவள் தொழில். அப்பா ஆஸ்பத்திரி அழுக்குத்துணி லாரியை ஓட்டியவர். பள்ளி முடித்ததும் அவளும் ஒரு சலவைக்கூடத்தின் வாசலில் எடைப்பாலத்தில் உட்கார்ந்தாள். உள்ளே போகும் தள்ளுவண்டிகளை எடை போட்டுக்கொண்டே தபாலில் பட்டப்படிப்பு படித்தாள். நகரத்து ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுக்கும் கூடங்கள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தபோது, எண்கள் தெரிந்தவள் என்று தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எந்தக் கூடம் நன்றாக வேலை செய்கிறது, எது வீணடிக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும்.

பழைய ஆட்கள் எல்லாக் கூடங்களின் கணக்கையும் கூட்டி வகுத்துச் சராசரி பார்ப்பார்கள். சோம்பேறிகள் கூட்டத்தில் பாதிச் சோம்பேறி நல்லபேர் வாங்கிக்கொண்டு போவான். கோடம்மா வேறு வழியைப் படித்துப் பழகினாள். ஒவ்வொரு கூடத்தையும் தாளில் ஒரு புள்ளியாக வைப்பாள். குறுக்கே போவது செலவான தண்ணீர், நீராவி, ஆள் உழைப்பு. மேலே போவது வெளுத்த துணி. குறைவாக எடுத்து நிறையக் கொடுத்த புள்ளிகள் வெளியோரத்தில் நிற்கும். அவற்றைத் தொட்டபடி வேலி கட்டுவதுபோல் ஒரு கோடு. மற்ற கூடங்கள் எல்லாம் வேலிக்கு உள்ளே இருக்கும். பாய்லர் பழுதான மாதம், குழாய் உடைந்த மாதம் என்று கெட்ட நேரத்துக்கு உரியதைக் கழித்துவிட்டால், புள்ளிக்கும் வேலிக்கும் நடுவில் மிச்சமிருக்கும் தூரம்தான் அந்தக் கூடத்தின் வீண்.

இந்த முறையில் அவளுக்குப் பிடித்தது அதன் நியாயம். யாரோ கனவு கண்ட உச்சத்தை அது யார் தலையிலும் கட்டுவதில்லை. உன்னைப் போன்ற ஒருவன் இதே தண்ணீரில் இவ்வளவு வெளுத்திருக்கிறான், உனக்கு என்ன கேடு என்று மட்டும் கேட்கும். ஆனால் இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. சராசரியில் ஒரு பொய்ப் புள்ளி கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடும். இங்கே பொய்ப் புள்ளி மேலே போய் நின்றுவிட்டால் அதுதான் நீதிபதி. அவளுக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த வருஷம் அவள் மேலே நிற்பவனைப் பார்க்கவில்லை. கீழே நின்றவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம், கீழே நின்றது அவள் அத்தான். அக்கா புருஷன். நகரத்தின் பழைய சலவைக்கூடத்தில் சலவை மேஸ்திரி. கோட்டிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் கூடத்தை மூடிவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. பட்டியலின் கடைசியில் அத்தானின் கூடம் இருந்தது. இன்னும் சலவை நிர்வாகக் குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அக்கா போனில் கத்தினாள்.

"ஏன்டி, உன் கையாலயே என் குடும்பத்துக்குப் பூட்டுப் போடறியா?"

"நான் போடலக்கா. எண்ணு அப்படி வருது."

"எண்ணு தானா நடந்து வருதா? நீதானே கூட்டிட்டு வர்றே!"

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டியலில் மேலே நின்ற கூடத்தை முன்மாதிரி என்று அறிவித்து, மற்றக் கூடங்களின் மேஸ்திரிகளை அங்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். அத்தானும் போனார். திரும்பி வந்த அன்று மதியம் அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அங்க ஒரே அலசல்தான். சோப்புத் தண்ணியை வடிச்சதும் ஒரு அலசு, அதோட சரி. அந்த அலசின தண்ணியவே அடுத்த துணிக்கு ஊத்தறான். ஆப்பரேஷன் தியேட்டர் துணி அலசின தண்ணியில தலையணை உறை ஊறுது. இதைக் கத்துக்கத்தான் என்னை அனுப்பினீங்களா?"

கோடம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. தோற்றவன் சொல்லும் கதை என்று நினைத்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று அவள் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

முன்மாதிரிக் கூடத்தைப் பற்றி ஒரு பக்கம் புகழ்ந்து எழுதித் தரச் சொன்னார் அவளுடைய மேலதிகாரி. அதற்காகத்தான் அவள் அங்கே போனாள். புதுக் கட்டடம். வாசலில் எடைப்பாலம். அவள் உட்கார்ந்து பழகிய அதே மாதிரி நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பழைய பாசத்தில் கோடம்மா பக்கத்தில் நின்று வண்டிகள் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். ஒரு வண்டியின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. எடை போட்டு உள்ளே போயிற்று. இன்னொன்று. அதிலும் சிவப்பு.

"சிவப்புக் கட்டினது திரும்பி வந்த துணிதானே?"

"ஆமாம்மா. அழுக்கு போகலன்னு ஆஸ்பத்திரிக்காரங்க அனுப்பிடறாங்க."

"அதையும் எடை போடறியே?"

எடைக்காரி அவளை ஒருமாதிரி பார்த்தாள். "நீங்கதானே அம்மா எழுதி அனுப்பினீங்க, மெஷினுக்குள்ள போறது எதுவா இருந்தாலும் எடை போடணும்னு? இந்தாங்க, இந்த விரிப்பைப் பாருங்க. மூலையில கப்பல் மாதிரி கறை. இது எனக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. வாரத்துல மூணு தடவை வந்து பாத்துட்டுப் போயிடும்."

கோடம்மாவுக்கு அந்த நகைச்சுவை புரிய ஒரு கணம் பிடித்தது. ஒரு விரிப்பை ஒழுங்காக வெளுத்தால் அது ஒரு விரிப்பு. அரைகுறையாக வெளுத்தால் திரும்பி வரும். மறுபடி எடை ஏறும். மூன்று விரிப்பு ஆகிவிடும். எவ்வளவு மோசமாக வெளுக்கிறானோ அவ்வளவு உற்பத்தி. அவளுடைய கோட்டின் மேல் நின்றது இந்தக் கூடம். அத்தான் ஒரு விரிப்பை மூன்று தண்ணீரில் அலசி ஒரே தடவையில் அனுப்பிவிட்டுக் கீழே கிடந்தார்.

உள்ளே கூடத்தின் தலைவர் வரவேற்றார். முன்மாதிரி விருதுக்குக் கொடுத்த ஷீல்டைத் தன் மேசையில், தன் முகத்துக்கு நேராக வைத்திருந்ததால் அவருக்கு ஷீல்டு என்றே பெயர். ஒளிக்க எதுவும் இல்லாத மனிதர். தொட்டிகளைத் தானே சுற்றிக் காட்டினார். அலசல் தொட்டியில் தண்ணீர் பாத்திரம் கழுவிய நீரைப்போல நின்றது. ஒரு பிளாஸ்திரி மிதந்தது. பஞ்சு மிதந்தது. நீளமான ஒற்றை முடி ஒன்று தொட்டியின் விளிம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. இயந்திரத்திலிருந்து வெளுத்து வந்த துணியை அவள் தொட்டாள். மீனைத் தொட்டதுபோல வழுக்கிற்று.

"இதுல நோயாளி படுக்கணும் சார்."

"படுக்கறவன் என்ன மோந்து பாத்துட்டா படுக்கப் போறான்? மேல வெள்ளையா இருந்தாப் போதும்." ஷீல்டு மனம்விட்டுச் சிரித்தார். "இந்த யோசனையே உங்களாலதான் வந்துச்சு மேடம். போன வருஷம் உங்க கோட்டைப் பாத்தேன். நாங்க நடுவுல கிடந்தோம். தண்ணிதான் எங்களைக் கீழ இழுக்குதுன்னு நீங்களே எழுதியிருந்தீங்க. மூணு அலசலை ஒண்ணாக்கினேன். சர்ருனு மேல போயிட்டோம்!"

அவர் நன்றியோடு சொன்னார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கோடம்மா சில விரிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் குழாயில் கை கழுவினாள். அந்தக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ என்று ஒரு எண்ணம் வந்தது. கைகளை உதறிக்கொண்டு, உடம்பில் படாமல் நீட்டியபடியே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணி வாங்கும் அறைக்குப் பொறுப்பு மேட்ரன். சலவை நிர்வாகக் குழுவின் தலைவியும் அவர்தான். உயரமானவர், யாரையும் உட்காரச் சொல்லும் வழக்கமில்லாதவர். கோடம்மாவை ஒரு கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தூங்கிக்கொண்டிருந்த கிழவரின் சட்டையை மெல்ல விலக்கிக் காட்டினார். முதுகு முழுக்கச் சிவந்த தடிப்பு. விரிப்பின் நெசவு அப்படியே தோலில் பதிந்திருந்தது.

"இது நாங்க திருப்பி அனுப்பாத விரிப்பு," என்றார் மேட்ரன். "நல்லதுன்னு வாங்கினது."

"திருப்பி அனுப்பினதெல்லாம் எங்க கணக்குல உற்பத்தி, மேட்ரன்."

மேட்ரன் அவள் முகத்தையே பார்த்தார். "அப்ப எங்க நோயாளிங்க கக்கறது, கழியறதும் உங்களுக்கு உற்பத்திதானா?"

கோடம்மா நோட்டை எடுத்தாள். எல்லாக் கூடங்களிலிருந்தும் வரும் துணியில், முதல் தடவையிலேயே ஆஸ்பத்திரிகள் ஏற்றுக்கொண்டது எவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரிகளின் தராசில், ஆஸ்பத்திரி ஆட்கள் போட்ட எடை.

மறுநாள்தான் ஜன்னல் திட்டில் தம்ளர்கள் ஏறின. மேலதிகாரி வந்து பார்த்தார். அலுவலகத்தில் அவருக்குச் சதவீதம் என்று பெயர்; பசிக்கிறதா என்று கேட்டால்கூட "எழுபது சதவீதம்" என்பார். ஆனால் முட்டாள் இல்லை. கோடம்மாவுக்குக் கணினியில் இந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். குனிந்து ஒரு தம்ளரை முகர்ந்தார். முகம் கோணியது.

"சரி, நாறுது. இப்ப என்ன?"

"கோடு தப்பு சார். மேல நிக்கிற புள்ளி பொய்."

"பொய் இல்ல. அத்தனை கிலோ அவன் மெஷின்ல ஓடியிருக்கு. நீங்க கேட்டது அதைத்தானே?"

"நான் கேட்டதே தப்பு."

"அவன் மறுசலவை நிறையப் பண்றான்னு எனக்கு மட்டும் தெரியாதா மேடம்?"

கோடம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். கணக்குல வர்றது வேற, மூக்குல வர்றது வேற." சதவீதம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதை நீங்க ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா அதுக்குப் பேரு நேர்மை. கடைசியில நிக்கிறது உங்க அத்தான் இடம்னு ஊருக்கே தெரிஞ்சப்புறம் சொன்னா அதுக்குப் பேரு வேற. நாளைக்கு இன்னொருத்தர் தன் மாமனாருக்காக ஒரு புள்ளியைத் தூக்கச் சொல்வார். அப்புறம் அது கோடா இருக்காது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு இழுக்கற கயிறா இருக்கும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் அவளே கைதட்டியிருப்பாள். அழுகிய பொருளைச் சுத்தமான காகிதத்தில் சுற்றி மேசையில் வைத்தது போல் இருந்தது.

"நான் யாரையும் தூக்கப் போறதில்ல," என்றாள். "எல்லாரும் அங்கேயே இருக்கட்டும். அளக்கறதை மட்டும் மாத்தறேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி."

"அந்த அறிக்கையை நான் வாங்க மாட்டேன்."

"சரி சார்."

அவள் மறுபடி முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை மேலே போகும் அளவு, இயந்திரத்துக்குள் போன துணி அல்ல. நோயாளியின் கட்டிலுக்கு முதல் தடவையிலேயே போய்ச் சேர்ந்த துணி. முன்மாதிரிக் கூடம் வேலியிலிருந்து சரிந்து அடியில் போய் விழுந்தது. அதைத் தொட்டுக்கொண்டு மேலே வளைந்திருந்த கோடும் இறங்கியது; மற்றப் புள்ளிகள் எல்லாம் மூச்சு விட்டதுபோல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தன. அத்தானின் கூடம் கடைசியிலிருந்து எழுந்து நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் போகவில்லை. அவள் நேரில் போய்ப் பார்த்தாள். தண்ணீரில் குறையில்லை. நீராவிக் குழாய் மூன்று இடத்தில் சீறிக்கொண்டிருந்தது. அதையும் எழுதினாள்.

இரண்டு நாளில் அத்தானிடமிருந்து போன்.

"நீராவி வீணாகுதுன்னு எழுதியிருக்கியாமே?"

"ஒழுகுதே அத்தான். கண்ணால பாத்தேன்."

"புது வால்வு கேட்டுக் கேட்டு என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. அது தெரியுமா உனக்கு?"

"அதையும் எழுதியிருக்கேன்."

"ஒரு தடவையாவது, நம்ம வீட்டு மனுஷன்னு..."

அக்கா போனைப் பிடுங்கியது கேட்டது. "விடுங்க, அவகிட்ட போய்! சின்ன வயசுல ஒரு கேக்கைப் பாதியா வெட்டச் சொன்னா ஸ்கேலை எடுத்துட்டு வந்தவ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏன்டி, பூட்டு எங்களுக்கு இல்லதானே?"

"பட்டியல்ல கடைசி நீங்க இல்ல."

"அப்ப யாரு?"

கோடம்மாவுக்கு எடைப்பாலத்துப் பெண்ணின் முகம் வந்தது. கப்பல் கறை விரிப்பைத் தம்பி என்று சொல்லிச் சிரித்தவள். அலசலைக் குறைக்கச் சொன்னது அவள் இல்லை. ஷீல்டுக்கு வேறு எங்காவது ஒரு மேசை கிடைக்கும். அதன் மேல் வைக்க இன்னொரு ஷீல்டும் கிடைக்கும். தெருவில் நிற்கப்போவது அவளும் தொட்டிகளில் கைவிட்டு நிற்பவர்களும்தான். தான் கோடு போட்டால் யாருக்காவது பூட்டு விழுந்தே தீரும் என்ற நிலை அவளுக்கு அந்தத் தொட்டித் தண்ணீரைவிட அருவருப்பாக இருந்தது.

அன்று அவள் கடைசிப் பக்கத்தை எழுதினாள். ஒரு கூடம் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இந்தக் கணக்கு சொல்லும். ஏன் தள்ளி நிற்கிறது என்று சொல்லாது. கடைசியில் நிற்கும் கூடத்தில் நிறுத்திய அலசலை மறுபடி தொடங்க ஓர் உத்தரவு போதும். நடுவில் நிற்கும் கூடத்துக்கு ஒரு வால்வு போதும். இந்தப் பட்டியலை வைத்து எந்தக் கதவையும் மூடக் கூடாது; மூடுவதாக இருந்தால் அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், தலைப்புக்கும் மேலே ஒரு வரி சேர்த்தாள்: இந்த அறிக்கையில் வரும் பழைய சலவைக்கூடத்தின் மேஸ்திரி என் அக்காவின் கணவர்; ஆகவே கணக்கை வேறொருவர் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

குழு ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் கூடியது. நடைவழியில் சதவீதம் பழைய அறிக்கையின் பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அட்டையில் ஷீல்டின் படம். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"சொன்னேனே மேடம், நான் வாங்க மாட்டேன்னு."

"உங்களுக்குக் கொண்டுவரல சார்."

மேட்ரன் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தார். கைகளைக் கழுவிவிட்டுத் துவாலையில் துடைத்துக்கொண்டிருந்தார். கோடம்மா அறிக்கையை நீட்டினாள். மேட்ரன் உடனே வாங்கவில்லை. நீட்டிய கையில் இருந்தபடியே முதல் வரியைப் படித்தார்.

"உங்க அத்தான் இடம் எங்க வருது?"

"நடுவுக்குக் கீழ. நீராவி ஒழுகுது."

"கடைசியில?"

"இது வரைக்கும் முதல்ல இருந்தது."

"அப்ப அதை மூடிடலாமா?"

"வேண்டாம் மேட்ரன். கடைசிப் பக்கத்தைப் படிங்க. படிக்காம ஓட்டு எடுக்காதீங்க."

சதவீதம் தொண்டையைச் செருமினார். "மேட்ரன், இது முறையா வந்த அறிக்கை இல்ல. எங்க அலுவலகம் இதை ஏத்துக்கல. சொந்தக்காரங்க விஷயம் வேற இருக்கு..."

"தெரியுதே. முதல் வரியே அதான்." மேட்ரன் துவாலையை அவரிடம் கொடுத்தார். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், பிரதிகளின் மேல் அதை வாங்கிக்கொண்டார். மேட்ரன் இரண்டு கைகளையும் நீட்டி அறிக்கையைப் பிடித்தார். கோடம்மா விட்டுவிட்டாள்.